பின்சீட்டின் எடை

மங்கையர்க்கரசி தன் நாற்பத்தேழாவது வயதில் முதன்முதலாக ஒரு வண்டியை ஓட்டிய அன்று, அவளுக்குப் பின்னால் காலியாக இருந்த சீட்டில் ஒரு நிறை சிலிண்டர் வந்து உட்கார்ந்தது. பாளையங்கோட்டையில், குளத்தங்கரைத் தெருவில், காலை பதினோரு மணி வெயிலில், காய்கறிக்காரன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இது நடந்தது. வண்டி பக்கத்து வீட்டுக் கிருபாவின் மொபெட். கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, முறுக்கினால் போகும், விட்டால் நிற்கும், வீட்டு ஆம்பளைகளைவிடச் சொன்ன பேச்சுக் கேட்கும் என்று சொல்லித்தான் கிருபா அதை அவள் கையில் கொடுத்திருந்தாள். தெருமுனை திரும்புவதற்குள் பின்சக்கரம் அமுங்கியது, முதுகில் இரும்பின் குளிர்ச்சி தட்டியது, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டங் டங்கென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் சீட்டில் ஒன்றும் இல்லை.

"ஏ கிருபா, பின்னாடி என்னத்தட்டி ஏத்தி வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லையே அக்கா. நேத்து கேஸ் சிலிண்டர் கொண்டாந்தேன். அதை அப்பமே இறக்கி அடுப்புல மாட்டியாச்சே."

"நீ இறக்கிட்ட. வண்டி இறக்கலை."

இரண்டாவது முறை ஓட்டியபோது ஒன்றும் இல்லை. மொபெட் காய்ந்த சோளத்தட்டை மாதிரி லேசாகப் போனது. அதற்கு மேல் இதைப் பற்றி யோசிக்க மங்கையர்க்கரசிக்கு நேரம் இல்லை, அடுப்பில் பருப்பு கிடந்தது.

அந்த வீட்டில் வண்டி ஓட்ட ஆள் இல்லாமல் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அவள் கணவர் ஆவுடையப்பன் கல்லூரி வேதியியல் லேபில் உதவியாளர், எண்பத்திரண்டு கிலோ, முன்னால் தள்ளிய தொந்தி, இடது கட்டைவிரலில் ஆசிட் பட்டுச் சுருங்கிய தழும்பு, வாயில் எந்நேரமும் ஒரு இஞ்சி மிட்டாய். ஐப்பசி மாதத்து ஒரு காலையில், ஆறு மணிக்கு, ஒரே மகள் தாரிணியைக் கணக்கு டியூஷனுக்குத் தன் கறுப்பு பைக்கில் கூட்டிப் போனார். குளத்துக்கரை ரோட்டின் வளைவில், மழைச் சேற்றில் வண்டி வழுக்கியது. அவர் புல்லில் விழுந்தார். பதினேழு வயசுப் பிள்ளை, குளத்துத் தண்ணீர் வழிந்தோடுகிற கலுங்குக் கல்லில் விழுந்தாள். நான்தான் ஓட்டினேன், கவனம் பிசகிவிட்டது என்று அவர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தார், கோர்ட்டிலும் அதையே சொன்னார், லைசென்ஸைப் பறித்துக்கொண்டார்கள், அன்றிலிருந்து கல்லூரிக்கு நடந்தே போய் நடந்தே வந்தார். பைக் ஸ்டேஷன் வளாகத்து வேப்பமரத்தடியில், கொடி படர்ந்து, காக்காய் எச்சத்தோடு நின்றது.

மங்கையர்க்கரசி கான்வென்டில் படித்தவள். அங்கே சிஸ்டர் அக்னேஷியா, பொய் சொன்ன பிள்ளைகளின் நாக்கில் ஒரு மிளகை வைத்து, அடுத்த மணி அடிக்கும்வரை மெல்லாமல் துப்பாமல் நிற்கவைப்பார். பன்னிரண்டு வருஷப் படிப்பில் ஒருநாள்கூட மிளகு வாங்காத ஒரே பிள்ளை மங்கையர்க்கரசி. அதை அவள் பிற்பாடும் ஒரு பட்டம்போலக் கொண்டுநடந்தாள். உள்ளதை உள்ளபடி, எதிராளியின் முகத்துக்கு நேராக, அவர் சோறு தின்றுகொண்டிருந்தாலும் சரி, சொல்லிவிடுவாள். மாமியார் சாகக் கிடந்தபோது "பிழைக்க மாட்டீய அத்தை, எல்லாருகிட்டயும் சொல்லவேண்டியதைச் சொல்லிருங்க" என்றவள் அவள். தாரிணி ஒருநாள் சமையலறை வாசலில் நின்று, "அம்மா, அப்பாகிட்ட சொல்லி பைக் ஓட்டப் பழகட்டுமா?" என்று கேட்டபோது, கரண்டியைக்கூடக் கீழே வைக்காமல், "கையைக் காலை ஒடிச்சிக்கிட்டு மூலையில உக்காரணும்னு ஆசையாட்டி? அந்த வண்டியில கை வச்சேன்னு கேள்விப்பட்டேன், அப்புறம் இந்த வீட்டுப் படியில கால் வைக்காத" என்று சொன்னவளும் அவள்தான். பிள்ளை அன்றைக்கு இரவுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அதற்கு மறுவாரம்தான் வளைவு.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் போனபிறகு, ஆவுடையப்பன் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, அவள் தட்டைத் தரையில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "பெத்த பிள்ளையைக் கல்லுல போட்டுட்டு வந்து, எப்படித்தான் பசிக்கோ உங்களுக்கு." அவர் ஒரு கவளத்தை உருட்டியபடி அப்படியே இருந்தார். பிறகு சாப்பிட்டார். தட்டைத் தானே கழுவிவைத்தார். இரண்டு வருஷமாக அப்படியே கழுவிவைத்துக்கொண்டிருந்தார்.

மொபெட்டுக்கு அடுத்து, மூன்றாம் வீட்டு டீச்சரின் ஸ்கூட்டர். காய்கறிச் சந்தைக்குப் போகவர என்று கேட்டு வாங்கிய வண்டி. அதில் ஏறியதுமே இடதுபக்கம் இழுத்தது. ஒருபக்கமாக உட்கார்ந்த ஒரு பெண்பிள்ளையின் பாரம், மடியில் சூடான டிபன் கேரியர், சாம்பார் வாசம். அது டீச்சரின் நாத்தனார் என்று இறங்கியதும் தெரிந்தது. அதற்குப் பிறகு தெருவுக்குப் புரிந்துபோயிற்று. மங்கையர்க்கரசி எந்த வண்டியை முதல்தடவை ஓட்டினாலும், கடைசியாக அதன் பின்சீட்டில் போனது எதுவோ அது ஏறிக்கொள்ளும். பேச்சு கிடையாது, எடை உண்டு, சூடு உண்டு, வாசம் உண்டு, கை இருந்தால் கையும் உண்டு. ஒரே ஒருதடவைதான். மறுதடவை வண்டி வெறும் வண்டி.

இது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. குழாயில் மூன்று நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வருவதை ஏன் என்று கேட்காத தெரு அது. யாருக்கு முதலில் என்பதுதான் கேள்வியாக இருந்தது. காலையில் ஆம்பளைகள் குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் பெண்டாட்டிமார் வண்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து நின்றார்கள். "அக்கா, சும்மா ஒரு ரவுண்டு. குளம் வரைக்கும் போயிட்டு வந்துருங்க." அவளும் எல்.எல்.ஆர் போட்டு, எண்ணெய்க் கறை போகாத ஒரு பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, ஒரு ரவுண்டு போனாள். கியர் வண்டி பழகியது இப்படித்தான். பழக்கிவிட்டவன் தெருமுனைப் பட்டறை மெக்கானிக் சுடலைமுத்து. "கிளட்சை வெடுக்குன்னு விடாதீய மதினி, அது உங்க வீட்டுக்காரர் இல்லை" என்று அவன் சொன்னதற்கு, "அவரை விட்டே ரெண்டு வருஷமாச்சு, நீ வண்டியைப் பாருல" என்றாள்.

ஜவுளிக்கடை சங்கரலிங்கத்தின் வண்டி நூறு சிசி. வெண்ணெய் மாதிரி கியர் விழும், ஆனால் கீரிப்பிள்ளை மாதிரி குறுக்கே பாயும். அதில் ஒரு பெண் இருந்தாள். இரண்டு பக்கமும் கால் போட்டு, முகத்தை இவள் முதுகில் புதைத்து, இறுக்கமாக. வாசலில் நின்ற அவன் பெண்டாட்டி விஜயாவிடம் மங்கையர்க்கரசி இறங்கிய காலோடு சொன்னாள்: "ஒரு பொம்பளை. உன்னைவிட இளசு. தலையில பிச்சிப்பூ. நல்லா கட்டிப் பிடிச்சிருந்தா." விஜயா இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு தென்காசிக்குப் பஸ் ஏறினாள். கடையில் வேலை பார்க்கும் பிள்ளைக்கு நூற்றுநான்கு டிகிரி காய்ச்சல், நிற்கமுடியாமல் சாய்ந்ததை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன் என்று சங்கரலிங்கம் தலையில் அடித்துக்கொண்டு சொன்னது எல்லாம் பிறகு. ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டியும் விஜயா கார்த்திகை வரைக்கும் திரும்பி வரவில்லை. "சூடா இருந்துச்சான்னு நான் கேக்கலையே அக்கா" என்று அவள் பிறகு அழுதாள். "நீ கேக்கலை. உட்கார்ந்ததுதான் எனக்குத் தெரியும், எதுக்கு உட்கார்ந்துச்சுன்னு வண்டி சொல்லாது" என்றாள் மங்கையர்க்கரசி. அன்றைக்கு ராத்திரி அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் பொய் ஒன்றும் சொல்லிவிடவில்லையே என்று படுத்துத் தூங்கினாள்.

விஜயா பஸ் ஏறிய மறுநாளிலிருந்து தெருவின் ஆம்பளைகள் முன்ஜாக்கிரதை ஆனார்கள். வீட்டுக்கு வருமுன் கடைசியாகப் பின்சீட்டில் என்ன இருக்கவேண்டும் என்று யோசித்து, அரிசிமூட்டை ஏற்றினார்கள், பூசணிக்காய் ஏற்றினார்கள், அது சந்தேகத்துக்கு இடமாகிறது என்று ஆனபோது, பெற்ற தாயை ஏற்றினார்கள். வருஷக்கணக்காக வாசலைத் தாண்டாத கிழவிகள் எல்லாம் சாயங்காலமானால் தலைசீவி, மகன் பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, குளத்தைப் பார்த்தார்கள், சினிமாத் தியேட்டர் இடிந்துபோனதைப் பார்த்தார்கள், அல்வா தின்றார்கள். மங்கையர்க்கரசிக்கு அந்த மாதம் முழுக்க மூட்டுவலித் தைலத்தின் வாசத்தைத் தவிர வேறு ஒன்றும் ஏறவில்லை. "இது யாரு? உன் மாமியாரு. போ." "இது? உன் மாமியாரு." காலேஜில் படிக்கிற மகன் வைத்திருந்த ஸ்போர்ட்ஸ் பைக்கை ஒருத்தி பயந்து பயந்து கொண்டுவந்தாள். பின்சீட் பரண் மாதிரி உயரத்தில் இருந்தது. மங்கையர்க்கரசி பெட்ரோல் டேங்க்மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டுதான் அதை ஓட்டமுடிந்தது. பின்னாலிருந்து கனமான ஏதோ ஒன்று சரிந்து அவள் தோளில் வந்து மூச்சிரைத்தது.

"யாருக்கா? எந்தச் சிறுக்கி?"

"நாய்."

"நாயா?"

"நாய்தான். வளர்ப்பு நாய். காதை நக்குச்சு."

"மாதாவே, நாய்தானா" என்று அந்தத் தாய் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தது, ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஞானதிரவியம் தன் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்து கேட்டில் நிறுத்தும்வரை. நாலு வருஷம் முன்னால் அவர் மனைவி இறந்தபிறகு அந்தப் பின்சீட்டில் அவர் யாரையும் ஏற்றியதில்லை. மழையில் நனைந்து நிற்கிறவர்களைக்கூடப் பார்க்காததுபோலப் போய்விடுவார், திமிர் என்று தெரு சொல்லும். எதற்கு என்று இப்போது தெரிந்தது. "ஒரே ஒரு தடவைதான்னு சொல்லுதாங்க. அதைச் செலவழிச்சிரவா வேண்டாமான்னு மூணு மாசம் யோசிச்சேன்" என்றார். புல்லட்டை உதைத்துக் கிளப்பவே அவளுக்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஒருதரம் திருப்பி உதைத்துக் கெண்டைக்காலை வீங்கவைத்தது. கிளம்பியபின் அது எருமைக்கடா நடக்கிறதுபோல, உலகமே தனக்கு வழிவிடும் என்ற நினைப்பில் போனது. தெரு முடிவில் ஸ்பிரிங் மெல்ல அமுங்கியது. ஒரு ஒல்லியான உடம்பு, ஒருபக்கமாக, மடியில் கூடை. வலதுகை சுற்றிவந்து அவள் இடுப்பில் பதிந்தது, விரல்கள் சட்டையை இரண்டு மடிப்பாகப் பிடித்துக்கொண்டன.

தலைமை ஆசிரியர் தெருமுனையில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "வந்தாளா?"

"வந்தாங்க சார். சட்டையை மடிச்சுப் பிடிச்சிருந்தாங்க."

"மடிச்சுத்தான் பிடிப்பா" என்றார் அவர். "கசங்கும்னு சொன்னாக் கேக்க மாட்டா."

அவர் புல்லட்டைத் தள்ளிக்கொண்டே போனார். மங்கையர்க்கரசி வெயிலில் நின்றபடி தன் சட்டையின் மடிப்பைப் பார்த்தாள். அது இன்னும் அழியாமல் இருந்தது. அப்போதுதான் அவளுக்கு வேப்பமரத்தடியில் நிற்கிற கறுப்பு பைக் ஞாபகத்துக்கு வந்தது. விழுந்த இடத்திலிருந்து லாரியில் தூக்கிப்போட்டுக் கொண்டுபோன வண்டி. அதற்குப் பிறகு ஒருவரும் ஓட்டாத வண்டி. அதன் பின்சீட்டில் கடைசியாக உட்கார்ந்தவள் நாற்பத்தாறு கிலோ, டியூஷன் பை, தேங்காய் எண்ணெய் வாசம்.

அவள் பக்கத்து வீட்டுத் திட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றுமுன்னே சொன்னாள்: "கேஸ்தான் முடிஞ்சுபோச்சே. வண்டியை எடுத்துட்டு வாங்க."

அவர் வாயில் இஞ்சி மிட்டாய் உருளுவது நின்றது. "வேண்டாம் அரசி. அதை இரும்புக்கடைக்குக் குடுத்துருவோம்."

"பயமா? பிள்ளை என்கிட்ட ஏதும் சொல்லிருவாளோன்னு பயமா?"

"வண்டி பேசாதுன்னு நீதான் எல்லார்கிட்டயும் சொல்லுத."

"அப்புறம் என்ன? உங்களுக்கு எண்பத்திரண்டு கிலோ உடம்பு இருக்கு, நீங்க இருக்கீய. எனக்கு அவளோட நாப்பத்தாறு கிலோ அஞ்சு நிமிஷம் வேணும். அதைக்கூடத் தர மாட்டீயளா?"

அவர் நாலு நாள் சாப்பிடாமல் கல்லூரிக்கு நடந்தார். ஐந்தாம் நாள் கையெழுத்துப் போட ஸ்டேஷனுக்கு வந்தார்.

தெருவே கூடி இதைத் தன் காரியமாக எடுத்துக்கொண்டது. வண்டியை யாரும் ஓட்டிக்கொண்டு வரக்கூடாது, தள்ளிக்கொண்டு வரும்போதும் யாரும் ஏறக்கூடாது என்று பேசி, குட்டி லாரி பிடித்து, எட்டுப்பேர் தூக்கி ஏற்றினார்கள். ஏற்றும்போது ஆவுடையப்பன் பின்சீட்டைத் தொடுகிறமாதிரி கையை நீட்டினார். "தொடாதீங்க!" என்று மங்கையர்க்கரசி போட்ட சத்தத்தில் ஸ்டேஷன் எழுத்தர் வெளியே வந்து பார்த்தார். அவர் கையை இழுத்துக்கொண்டார். லாரியின் நிழலில் நின்று, அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி சொன்னார்: "எது தெரிஞ்சாலும் பிள்ளையைத் திட்டிராத, அரசி."

"எம்பிள்ளையை நான் ஏன் திட்டப்போறேன்? திட்டவேண்டிய ஆளு இங்கன நிக்கீய."

சுடலைமுத்து முன்சக்கரத்து ஃபோர்க்கை நிமிர்த்தி, விளக்கை மாற்றி, டேங்கைக் கழுவ ஒன்பது நாள் எடுத்துக்கொண்டான். ரிப்பேர் பார்த்த வண்டியைத் தெருமுனை வரைக்கும் ஓட்டிப் பார்க்காமல் கொடுப்பது இருபத்தைந்து வருஷத் தொழிலில் அவனுக்கு அதுதான் முதல்தடவை. கை அரிக்க அரிக்க, நடுஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை அந்தரத்தில் சுற்றவிட்டுத்தான் கியரைச் சோதித்தான். பின்சீட்டில் பூனை படுத்துவிடக்கூடாது என்று கருவேல முள்ளை வெட்டிக்கட்டினான். பட்டறையிலேயே படுத்துக்கொண்டான். பகலில் கிருபா ஒரு விளக்குமாற்றோடு காவலுக்கு வந்தாள்.

"ஏ சுடலை, காக்கா உக்காந்தா அது சேருமால?"

"வண்டி நகந்தாத்தான் சேரும்னு நினைக்கேன்."

"நினைக்கியா? நினைப்புக்கெல்லாம் அரசியக்கா உன்னை உயிரோட விடுமா? விரட்டு அதை."

பத்தாம் நாள் காலை ஆறு மணிக்கு, டியூஷன் நேரத்துக்கு, முள்ளை அவிழ்த்தார்கள். முள் கட்டியபடி அப்படியே இருந்ததை நாலுபேர் பார்த்தார்கள். குளத்தங்கரைத் தெருவில் எந்த வண்டி புதிதாக உருண்டாலும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள், மாதா கோவில் தீர்த்தமும் தெளிப்பார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் செய்தார்கள். கிழவிகள் மகன்களின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். தலைமை ஆசிரியர் தொப்பியைக் கழற்றியிருந்தார். ஆவுடையப்பன் மட்டும் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, உள்பக்கமாக நின்றார். மங்கையர்க்கரசி தலைக்குக் குளித்து, தாரிணியின் துப்பட்டாவைக் குறுக்கே கட்டி, ஹெல்மெட் மாட்டி, மொபெட்டிலும் ஸ்கூட்டரிலும் நூறு சிசியிலும் ஸ்போர்ட்ஸ் பைக்கிலும் புல்லட்டிலும் கற்றதெல்லாம் இந்த ஐந்து நிமிஷத்துக்குத்தான் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, கிளட்சை மெதுவாக விட்டாள். எலுமிச்சம்பழம் நசுங்கி வாசம் வந்தது. வண்டி நகர்ந்தது.

அவள் முதுகை நிமிர்த்திக் காத்திருந்தாள். லேசாக வரும், ஒரு குருவி உட்கார்கிறமாதிரி வரும், கையை இடுப்பில் போடுவாளா, தோளில் போடுவாளா, பை முதுகில் இடிக்குமா.

ஸ்பிரிங் அமுங்கியது. அமுங்கி, இன்னும் அமுங்கி, அரிசிமூட்டை விழுந்ததுபோல அடிவரைக்கும் போய் முட்டியது. முதுகில் ஒரு தொந்தி வந்து இடித்தது. இஞ்சி வாசம் அடித்தது. இடது தோளில் ஒரு பெரிய கை வந்து பதிந்தது. அதன் கட்டைவிரல் கழுத்தெலும்புக்குக் கீழே அழுந்தியபோது, அதில் சுருங்கிக் கடினமான ஒரு தழும்பு இருந்தது.

பாவி மனுஷன், எனக்குத் தெரியாமல் வந்து ஏறிவிட்டாரே என்றுதான் அவளுக்கு முதலில் ஆத்திரம் பொங்கியது, என் பிள்ளையின் இடத்தில் வந்து உட்கார்ந்து கெடுத்துவிட்டாரே என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. முள் அவிழாமல் இருந்தது. வண்டி தரையில் உருளாமல் இருந்தது. அவர் தொட நீட்டிய கையையும் அவளே சத்தம்போட்டுத் தடுத்திருந்தாள். ஸ்டேஷனுக்குப் போனபிறகு இதில் ஒருவரும் ஏறவில்லை. அப்படியானால் இது அன்றைய உடம்பு. ஐப்பசிக் காலையின் உடம்பு.

தோளில் இருந்த கை ஒருதரம் தட்டியது. அவள் தன்னை அறியாமல் கிளட்சைப் பிடித்தாள். இரண்டுதரம் தட்டியது. கியரை மாற்றினாள். வண்டி சீராக ஓடியது. கிளட்சுக்கு ஒரு தட்டு, கியருக்கு இரண்டு தட்டு, வேகம் கூடினால் தோளை லேசாகப் பின்னுக்கு இழுத்து ஒரு அழுத்து. இப்படி யார் யாருக்குத் தட்டுவார்கள்? ஓட்டத் தெரிந்தவன், ஓட்டத் தெரியாதவளுக்கு.

குளத்தின்மேல் பனி கிடந்தது. நாரை ஒன்று எழுந்து போயிற்று. ஹெல்மெட்டுக்குள் அவள் மூச்சு அவளுக்கே பெரிதாகக் கேட்டது. வளைவு வந்தது. வளைவுக்குப் பத்தடி முன்னால் தோள் கை விலகியது, இரண்டு கைகளும் அவள் இடுப்பைத் தாண்டி முன்னால் பாய்ந்து வந்து, ஹேண்டில்பாரில் அவள் மணிக்கட்டுகளை இறுக்கிப் பிடித்தன. தொந்தி முதுகில் நசுங்கியது, முகவாய் அவள் ஹெல்மெட்டில் இடித்தது, முழு உடம்பும் அவளைச் சுற்றி மூடிக்கொள்ளப் பார்த்தது. பிறகு விரல் விரலாகப் பிடி விட்டுப்போய், ஸ்பிரிங் துள்ளி எழுந்து, பின்சீட் காலியாயிற்று.

அவள் விழவில்லை. வளைவைத் தாண்டி, கலுங்குக் கல்லுக்கு முன்னால் வண்டியை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு அப்படியே இருந்தாள். இரண்டு வருஷமாகப் பின்னால் உட்கார்ந்திருக்கிறாள் என்று அவள் தேடிய பிள்ளை, இதோ இப்போது அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் உட்கார்ந்திருந்தாள். இந்தக் கைப்பிடியைப் பிடித்திருந்தாள். முதல்தடவையாக ஒரு வண்டியை ஓட்டியிருந்தாள், நன்றாகவும் ஓட்டியிருந்தாள், வளைவு வரைக்கும். வீட்டில் கரண்டியோடு நின்ற ஒருத்திக்குப் பயந்து, டியூஷன் என்று சொல்லி, விடிந்தும் விடியாமலும். அவள் போனபிறகு, அந்தக் கரண்டிக்காரியின் வாயில் பிள்ளையின் பெயர் விழுந்துவிடக்கூடாது, சொன்னபேச்சுக் கேளாமல் செத்தாள் என்று ஒருநாளும் ஒருவரும் சொல்லிவிடக்கூடாது என்று, ஒரு மனுஷன் இரத்தம் காயுமுன்னே யோசித்து, ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்து, கோர்ட்டில் சொல்லி, வந்து சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறார். எப்படித்தான் பசிக்கோ உங்களுக்கு.

அவள் கைப்பிடி இரண்டையும் தடவினாள். ரப்பர் குளிர்ந்திருந்தது. சூரியன் கரைக்குமேல் வரும்வரைக்கும் தடவிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது தெரு நின்ற இடத்தில் நின்றது. கிருபாதான் முதலில் ஓடிவந்தாள், விளக்குமாறு இன்னும் கையில் இருந்தது. "அக்கா. வந்தாளா?"

எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அந்த வாயிலிருந்து வருவதில் கூடுதலோ குறைவோ இருக்காது என்று தெரிந்த தெரு அது. சங்கரலிங்கம் பார்த்தான், விஜயா பார்த்தாள், தலைமை ஆசிரியர் பார்த்தார். கேட்டுக்கு உள்ளே ஆவுடையப்பன் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்தா" என்றாள் மங்கையர்க்கரசி. "பின்னாடிதான் உக்காந்திருந்தா. நாப்பத்தாறு கிலோ. எலும்பும் தோலுமா, அதே மாதிரி. அப்பா இடுப்பைப் பிடிச்சமாதிரி என் இடுப்பைப் பிடிச்சிருந்தா."

கிழவிகள் அழுதார்கள். கிருபா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். மங்கையர்க்கரசியின் நாக்கின் நடுவில், எங்கிருந்தோ வந்து, ஒரு மிளகு உட்கார்ந்து எரிந்தது. அவள் மெல்லவும் இல்லை, துப்பவும் இல்லை.

ஆவுடையப்பன் தலையை நிமிர்த்தியிருந்தார். அவள் சொன்னது என்ன என்று அந்தத் தெருவில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். வாய் திறந்திருந்தது, மிட்டாய் உள்ளே ஓர் ஓரமாக அப்படியே நின்றது.

அவள் வண்டியைக் கேட்டுவரைக்கும் உருட்டிக்கொண்டு போனாள். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏறுங்க."

"அரசி, நான்..."

"காலேஜ் வரைக்கும் கொண்டு விடுதேன். ரெண்டு வருஷமா நடந்தது போதும். ஏறுங்கங்கேன்."

அவர் கேட்டைத் திறந்து வந்து, கூச்சப்படுகிற சின்னப்பிள்ளைபோல ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏறினார். ஸ்பிரிங் அமுங்கி, இன்னும் அமுங்கி, அடிவரைக்கும் போய் முட்டியது. கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் தன் தொடைமேலேயே வைத்துக்கொண்டார். வண்டி நகரவில்லை. அவள் முன்னால் பார்த்தபடியே, தெருவில் ஒருவருக்கும் கேட்காதபடி, தன் வாழ்நாளில் அவள் பேசிய எல்லாவற்றையும்விட மெதுவாகச் சொன்னாள்:

"அன்னைக்கு எங்கன வச்சிருந்தீயளோ, அங்கனயே வைங்க."

ரொம்ப நேரம் கழித்து, அவளுடைய இடது தோளில், ஒருதரம், தட்டு விழுந்தது.